கூத்து வீடியோக்களை இரவில் தானாக இறக்கி, வீட்டு டிவிக்கு ஏற்றபடி மாற்ற இரண்டு பேட்ச் கோப்புகள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் இருக்கும் என் மாமா ஒரு அண்ணாவியார், அதாவது கூத்தாசிரியர். நாற்பது வருடத்துக்கு மேலாக வடமோடிக் கூத்துப் பழக்குகிறார். இப்போது இளைஞர்கள் அரங்கேற்றத்தைத் தொடக்கம் முதல் விடியும்வரை படம் பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் மாமாவின் வீட்டில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய காரியம், அவரிடம் இருப்பது பென் டிரைவ் செருகும் ஒரு பழைய டிவி மட்டும். போன வருடம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போயிருந்தபோது கேட்டார்: "மருமகன், நம்மட கூத்த ஒருக்கா டிவியில போட்டுத் தாங்களன், காலடி எங்க பிழைக்குதெண்டு பாக்கணும்."

ஒன்றிரண்டு வீடியோ என்றால் ஏதாவது ஒரு இணையதளத்தில் இணைப்பைப் போட்டு இறக்கிக் கொடுத்திருப்பேன். அவர் கேட்டதோ நாற்பதுக்கும் மேல், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம், சிலது எட்டு மணி நேரம். அதோடு அவர் வீட்டு அலுமாரியில் பழைய விசிடி, டிவிடி ஒரு பெட்டி நிறைய. இதையெல்லாம் கையால் செய்ய முடியாது, செய்யவும் கூடாது, ஏனென்றால் இருபதாவது வீடியோவில் எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று மறந்துபோகும். இரவு படுக்கப் போகும்போது லேப்டொப்பை விட்டுவிட்டால் காலையில் வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் இரண்டு பேட்ச் கோப்புகளைத்தான், அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்புகளைத்தான், இங்கே சொல்கிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் போதும், புரோகிராமிங் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலில் ஒரு விஷயம். யூடியூபின் விதிமுறைகள், அவர்கள் தரும் வசதி வழியாகவோ உரிய அனுமதியோடோ தவிர வீடியோவை இறக்க விடுவதில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் உரிமையைக் காக்கிறது. நான் இறக்கிய ஒவ்வொரு கூத்துக்கும் ஏற்றிய தம்பிமாரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேட்டுவிட்டுத்தான் இறக்கினேன், ஒருவர்கூட மறுக்கவில்லை, இரண்டு பேர் தங்களிடம் இருந்த மூலக் கோப்பையே கொப்பி பண்ணித் தந்தார்கள், அது யூடியூபில் இருப்பதைவிடத் தெளிவானது. ஆகவே கேளுங்கள். உங்கள் சொந்தச் சேனல் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாகவே எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்கலாம், அதற்கு இந்தக் கட்டுரையே வேண்டாம்.

இன்னொன்று, கட்டளைகளை நான் தமிழ் எழுத்தில் உச்சரிப்பாக எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். போனில் ஒருவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பது சில இடங்களில் முக்கியம், அந்த இடங்களில் சொல்கிறேன். குறிகளை, அதாவது இணைகோடு, சதவீதக் குறி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் அப்படியே போட வேண்டும்.

தேவையான கருவிகள் மூன்று. இறக்குவதற்கு வைடி-டிஎல்பி. இது 2006இல் தொடங்கிய யூடியூப்-டிஎல் என்ற கருவியின் வழிவந்தது. 2020 ஒக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் முறையிட்டதால் அந்தப் பழைய கருவியை, மென்பொருள்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் அகற்றியது, நவம்பரிலேயே திரும்பவும் வைத்தது. இப்போது வேகமாகப் புதுப்பிக்கப்படுவது வைடி-டிஎல்பிதான், அதன் கிட்ஹப் பக்கத்தில் வெளியீடுகள் என்ற பகுதியில், நேராக ஓடக்கூடிய எக்ஸ்இ கோப்பாகவே கிடைக்கும். இரண்டாவது, மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக். 2000ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் என்பவர் தொடங்கியது, இன்று வீடியோவைத் தொடும் எந்த மென்பொருளைத் திறந்து பார்த்தாலும் உள்ளே பெரும்பாலும் இது இருக்கும். இதன் ஜிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே பின் என்ற போல்டரில் எஃப்எஃப்எம்பெக், எஃப்எஃப்புரோப் என்ற எக்ஸ்இ கோப்புகள் இருக்கும், இந்த இரண்டும் வேண்டும். மூன்றாவது டீனோ. 2025 இறுதியிலிருந்து யூடியூபை முழுமையாகக் கையாள வைடி-டிஎல்பிக்கு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி வெளியிலிருந்து தேவைப்படுகிறது, டீனோ எக்ஸ்இயைப் பக்கத்தில் வைத்தால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்களுக்குப் பாதி வீடியோ தரங்கள் காணாமல் போவது இதனால்தான்.

சி டிரைவில் நேராகக் கூத்து என்று பொருள்படும் ஒரு போல்டரை ஆங்கில எழுத்தில் உருவாக்கி, நான்கு எக்ஸ்இ கோப்புகளையும் அதற்குள் போடுங்கள். டெஸ்க்டொப்பில் வைக்காதீர்கள், ஒன்டிரைவ் அதைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்கு ஏற்றப் போனால் உங்கள் டேட்டா இரண்டு முறை கரையும். அந்தப் போல்டருக்குள் டிவி என்று ஒரு உள்போல்டர், பழசு என்று இன்னொன்று. அப்புறம் நோட்பேடைத் திறந்து லிஸ்ட்.டிஎக்ஸ்டி என்று ஒரு கோப்பு, அதில் வீடியோ இணைப்புகள், வரிக்கு ஒன்று. வரியின் தொடக்கத்தில் # போட்டால் அந்த வரியை வைடி-டிஎல்பி தாண்டிவிடும், நான் அதில் "# ஊர், கூத்தின் பெயர், யாரிடம் கேட்டேன்" என்று குறித்து வைக்கிறேன், ஆறு மாதம் கழித்து மிகவும் உதவுகிறது. இணைப்புகளைப் பேட்ச் கோப்புக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைப்பதற்குக் காரணம் உண்டு. யூடியூப் இணைப்பில் & குறி வரும், பேட்ச் கோப்பில் அந்தக் குறிக்கு "இங்கே ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது" என்று அர்த்தம், மேற்கோள் குறி இல்லாமல் போட்டால் இணைப்பு பாதியில் அறுந்துவிடும். தனிக் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது முதல் பேட்ச் கோப்பு. நோட்பேடில் எழுதி இரவு.பேட் என்று சேமியுங்கள். சேமிக்கும்போது கீழே இருக்கும் வகை என்ற இடத்தில் எல்லாக் கோப்புகளும் என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால் நோட்பேட் பின்னால் ஒரு டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும், இரவு.பேட்.டிஎக்ஸ்டி என்று இருக்கும், விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் கண்ணுக்குத் தெரியாது. இரட்டைக் கிளிக் செய்தால் ஓடாமல் நோட்பேட் திறந்தால் இதுதான் காரணம். அங்கேயே என்கோடிங், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், பக்கத்தில் பிஓஎம் என்று இல்லாதது.

@எக்கோ ஆஃப்
சிஎச்சிபி 65001 >நல்
சிடி /டி "%~டிபி0"
வைடி-டிஎல்பி -யூ
வைடி-டிஎல்பி -ஏ லிஸ்ட்.டிஎக்ஸ்டி --டவுன்லோட்-ஆர்கைவ் எடுத்தது.டிஎக்ஸ்டி -ஐ -எஸ் "ரெஸ்:480,விகோடெக்:எச்264,ஏகோடெக்:ஏஏசி" --மெர்ஜ்-அவுட்புட்-ஃபார்மட் எம்பி4 -ஓ "டிவி\%%(அப்லோட்_டேட்)எஸ்_%%(ஐடி)எஸ்.%%(எக்ஸ்ட்)எஸ்" >>லாக்.டிஎக்ஸ்டி 2>&1
கால் மாற்று.பேட்

ஐந்தாவது வரி முழுவதும் ஒரே வரி, இடையில் என்டர் தட்டக்கூடாது. -யூ, -எஸ் இரண்டும் பெரிய எழுத்து, -ஏ, -ஐ, -ஓ சிறிய எழுத்து. எக்ஸ்ட் என்பது இ, எக்ஸ், டி மூன்றெழுத்து, நல் என்பது என், யூ, எல். மூன்றாவது வரியில் வரும் டி எல்லாம் டிவிடியில் முதலில் வரும் டி. அடைப்புக்குறிக்குப் பின்னால் வரும் எஸ் சிறிய எழுத்து.

முதல் வரி, ஓடும் கட்டளைகளைத் திரையில் திரும்பக் காட்டாதே என்கிறது. இரண்டாவது வரி இல்லாவிட்டால் தமிழில் தலைப்பிட்ட வீடியோக்களின் பெயர் திரையில் கேள்விக்குறியும் பெட்டியுமாக வரும், 65001 என்பது யூடிஎஃப்-8க்கான எண். மூன்றாவது வரியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பேட்ச் கோப்பு எந்தப் போல்டரில் இருக்கிறதோ அங்கேயே போய் நின்று வேலையைத் தொடங்கு என்று அது சொல்கிறது. கையால் கிளிக் செய்யும்போது இது இல்லாமலும் ஓடிவிடும், ஆனால் விண்டோஸ் நள்ளிரவில் தானாக ஓட்டும்போது அது சிஸ்டம்32 போல்டரில் நின்றுகொண்டு உங்கள் லிஸ்டைத் தேடும், கிடைக்காது. நான்காவது, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் கட்டளை. யூடியூப் அடிக்கடி உள்ளே மாற்றுகிறது, மூன்று மாதப் பழைய வைடி-டிஎல்பி பல நேரம் வேலை செய்யாது.

ஐந்தாவது வரியில்தான் விஷயமே இருக்கிறது. --டவுன்லோட்-ஆர்கைவ் என்பதை நான் மிகவும் நேசிக்கிறேன். வீடியோ ஒன்று முழுமையாக வந்து சேர்ந்ததும் அதன் அடையாள எண்ணை எடுத்தது.டிஎக்ஸ்டியில் எழுதி வைக்கும், அடுத்த இரவு அதே லிஸ்டை ஓட்டினாலும் அதில் இருப்பதைத் தொடாது. ஆகவே லிஸ்டிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம், கீழே புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பாதியில் நின்ற வீடியோ பார்ட் என்ற வாலோடு கிடக்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. -ஐ என்பது ஒரு வீடியோ அழிக்கப்பட்டிருந்தாலும் மற்றவற்றை நிறுத்தாமல் எடு என்பது.

-எஸ் பகுதி எந்தத் தரத்தை விரும்புகிறோம் என்பதைச் சொல்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் வைடி-டிஎல்பி இருப்பதில் மிக உயர்ந்ததை எடுக்கும், அது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற புதிய வகை, ஒலி ஓபஸ், மாமாவின் டிவி அதைத் திறக்கவே மாட்டாது. பழைய டிவிகளுக்குப் பழக்கமானது எச்264 படம், ஏஏசி ஒலி. படத்தின் உயரம் 480 புள்ளிக்கு மேல் போகாதே, அதற்குள் எச்264ஐ விரும்பு, ஒலி ஏஏசி என்று இறக்கும்போதே கேட்டுவிட்டால் யூடியூபிலிருந்து அப்படியே வந்துவிடும், மாற்றவே வேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஆட்கள் உயர்ந்த தரத்தில் இறக்கிவிட்டுப் பிறகு மாற்றுகிறார்கள், டேட்டாவும் போய், ஒரு இரவு முழுக்கப் பழைய லேப்டொப்பின் விசிறி கத்தி, கடைசியில் கிடைப்பது நேராக இறக்கியிருந்தால் கிடைத்திருக்கும் அதே படம்தான், அதைவிடக் கொஞ்சம் மங்கலாக. கூத்தில் தாளக்கட்டும் காலடியும் தெரிய 480 போதும், மாமாவின் டிவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இந்த அளவை முடிவுசெய்தேன்.

இப்போது சதவீதக் குறி. வைடி-டிஎல்பியின் எந்த விளக்கத்தைப் படித்தாலும் கோப்பின் பெயருக்கு ஒற்றைச் சதவீதக் குறிதான் போட்டிருப்பார்கள், கொமாண்ட் புரொம்டில், அதாவது விண்டோஸின் கட்டளைத் திரையில், நேரடியாக அடித்தால் அது சரி. ஆனால் பேட்ச் கோப்புக்குள் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் இருப்பதை ஒரு மாறியின், அதாவது மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டியின், பெயர் என்று விண்டோஸ் நினைத்து, அப்படி ஒரு மாறி இல்லையென்றால் நடுவில் இருப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். மிஞ்சுவது அடைப்புக்குறியோடு ஏதோ ஒரு துண்டு. ஒரு இணைப்பு மட்டும் கொடுத்தால் அந்தத் துண்டையே பெயராக வைத்து ஒரு கோப்பு வரும், லிஸ்ட் கொடுத்தால் ஒரே பெயரில் பல வீடியோ வைக்க முடியாது என்று நின்றுவிடும். நான் இதற்காக ஒரு முழு மாலையைச் செலவழித்தேன். பேட்ச் கோப்புக்குள் எப்போதும் இரட்டைச் சதவீதம், இதை மட்டும் மறக்காதீர்கள். மூன்றாவது வரியில் இருக்கும் ஒற்றைச் சதவீதம் வேறு, பூச்சியத்தோடு வருவது பேட்ச் கோப்பையே குறிப்பது, அது ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும்.

பெயரில் ஏன் தலைப்பைப் போடாமல் திகதியையும் அடையாள எண்ணையும் போட்டேன் என்று கேட்கலாம். தமிழ்த் தலைப்பை அந்த டிவி பெட்டி பெட்டியாகக் காட்டுகிறது, அது ஒன்று. தலைப்புகள் நீளம், விண்டோஸில் போல்டரோடு சேர்த்து 260 எழுத்துக்கு மேல் போனால் சிக்கல் வரும், குறுக்கச் சொன்னால் எழுத்துக் கணக்கில் வெட்டும்போது உயிர்மெய்யின் நடுவிலேயே வெட்டிவிடும், "கூ" இருந்த இடத்தில் "க" மட்டும் நிற்கும், ஊகாரக் குறி போய்விடும். திகதி இருந்தால் டிவியில் வரிசையாகவும் வரும். எந்தத் திகதியில் எந்தக் கூத்து என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன், அவர் அதை டிவிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஐந்தாவது வரியின் கடைசிப் பகுதி, வந்த செய்திகளையெல்லாம் லாக்.டிஎக்ஸ்டியில் எழுதி வை என்பது. காலையில் அதைத் திறந்து எரர் என்ற சொல்லைத் தேடினால் எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

இதை நள்ளிரவில் ஓட்ட, குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெடியூலர் விண்டோஸிலேயே இருக்கிறது. கொமாண்ட் புரொம்டில் ஒரு தடவை மட்டும் இதை அடித்தால் போதும்:

எஸ்சிஎச்டாஸ்க்ஸ் /கிரியேட் /டிஎன் கூத்து /டிஆர் "சி:\கூத்து\இரவு.பேட்" /எஸ்சி டெய்லி /எஸ்டி 00:30

உங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பின் தனியாக டேட்டா இருந்தால் அந்த நேரத்தைப் பார்த்துப் போடுங்கள். முடியும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் டாஸ்க்கில் /ஐஎம் வைடி-டிஎல்பி.எக்ஸ்இ /எஃப் என்று ஒரு வரி மட்டும் உள்ள இன்னொரு பேட்ச் கோப்பை இதே முறையில் வைத்துவிட்டால் பகல் டேட்டாவைத் தொடாது (டாஸ்க்கில் என்பது டாஸ்க், கில் என்ற இரண்டு சொற்கள், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும்). அப்படி நிறுத்தினாலும் ஒன்றும் கெடாது, பார்ட் கோப்பு இருக்கிறதே, நாளை தொடரும்.

ஆனால் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல். இந்த முறையில் உருவாக்கும் வேலை, லேப்டொப் சார்ஜரில் இருந்தால் மட்டும்தான் தொடங்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரிக்கு மாறினால் வேலையை நிறுத்திவிடும், விண்டோஸின் இயல்பே அப்படி. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்ட் வெட்டிய காலத்தை நாம் மறக்கவில்லை, இப்போதும் மாரி மழையில் காற்று ஒன்று பலமாக அடித்தால் போகிறது. ஐந்து நிமிடம் கரண்ட் போய் வந்தாலும் அந்த இரவு வீண். டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து, அந்த வேலையின் பண்புகளில் நிபந்தனைகள் என்ற பக்கத்தில் பேட்டரி பற்றிய இரண்டு சரிக்குறிகளையும் எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில், கணினி தூங்கினால் எழுப்பு என்பதற்குச் சரி போடுங்கள். ரவுட்டருக்கும் கரண்ட் வேண்டுமே என்றால், ஓம், வேண்டும்தான், நான் ரவுட்டருக்கு ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாற்றும் வேலைக்கு இணையம் தேவையில்லை, அது தொடரும்.

இனி இரண்டாவது பேட்ச் கோப்பு, மாற்று.பேட். இது பழசு போல்டரில் இருக்கும் விசிடி, டிவிடி, கமராக் கோப்புகளுக்கானது. இதைச் செய்யும்போது எனக்கு மனதில் வேறு பாரமும் இருந்தது. எங்கள் வீடு கல்லடியில். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்மாவின் கல்யாண அல்பமும், அம்மப்பா ஆடிய ஒரே கூத்தின் கசெட்டும் போய்விட்டன. யாரிடமும் இன்னொரு பிரதி இல்லை. விசிடிகளும் அப்படித்தான், ஒரே ஒரு பிரதி, ஈரக் காற்றில் பின்பக்கப் பூச்சு உரிந்துகொண்டிருக்கிறது. அலுமாரியில் இருப்பதை இந்த வருடமே எடுத்துவிடுங்கள்.

விசிடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற போல்டரில் ஏவிசெக்01.டாட் என்று ஒரு கோப்பு இருக்கும், 352க்கு 288 என்ற சிறிய அளவு, ஒரு தட்டில் ஏறக்குறைய எழுபத்து நான்கு நிமிடம். கவனிக்க வேண்டியது, எல்லா விசிடியிலும் பெயர் இதேதான். நான் முதல் நாள் ஆறு தட்டுகளை வரிசையாகக் கொப்பி பண்ணியபோது மேலெழுதவா என்று விண்டோஸ் கேட்டதற்குப் பழக்கத்தில் ஓம் என்று தட்டிவிட்டேன், கடைசித் தட்டு மட்டும் மிஞ்சியது. கொப்பி பண்ணிய உடனே, அடுத்த தட்டைச் செருகும் முன், பெயரை மாற்றுங்கள், ஊரும் வருடமும் தட்டின் எண்ணும் வரும்படி. டிவிடியில் விடிஎஸ்_01_1.விஓபி, விடிஎஸ்_01_2.விஓபி என்று ஒரு ஜிபி ஒரு ஜிபியாக வெட்டி வைத்திருப்பார்கள், அவற்றைக் கொப்பி /பி முதலாவது+இரண்டாவது புதிய-பெயர்.விஓபி என்று கொமாண்ட் புரொம்டில் சேர்த்து ஒன்றாக்கிவிட்டுப் பழசு போல்டரில் வையுங்கள்.

@எக்கோ ஆஃப்
சிஎச்சிபி 65001 >நல்
சிடி /டி "%~டிபி0"
ஃபோர் %%வி இன் (பழசு\*.*) டூ இஃப் நாட் எக்ஸிஸ்ட் "டிவி\%%~என்வி.எம்பி4" எஃப்எஃப்எம்பெக் -நோஸ்ட்டிஇன் -வை -ஐ "%%வி" -விஎஃப் யாடிஃப்=0:-1:1 -சி:வி லிப்எக்ஸ்264 -சிஆர்எஃப் 21 -பிக்ஸ்_எஃப்எம்டி வையூவி420பி -சி:ஏ ஏஏசி -பி:ஏ 128கே "டிவி\அரை.எம்பி4" && மூவ் "டிவி\அரை.எம்பி4" "டிவி\%%~என்வி.எம்பி4"

நான்காவது வரியும் முழுக்க ஒரே வரி. தமிழில் சொன்னால்: பழசு போல்டரில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் எடு, அதே பெயரில் டிவி போல்டரில் எம்பி4 இல்லாவிட்டால் மட்டும் மாற்று, முதலில் அரை என்ற பெயரில் எழுது, பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் சரியான பெயருக்கு மாற்று. வி என்பது அந்தந்தக் கோப்பு, ~என்வி என்பது வால் இல்லாத அதன் பெயர். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி இல்லாமல் இரண்டாக உடைந்துவிடும், ஆகவே எந்த இடத்திலும் மேற்கோள் குறியை விடாதீர்கள்.

அந்த அரை.எம்பி4 எதற்கு என்று சொல்கிறேன். முதலில் நான் எழுதிய கோப்பில் அது இல்லை, நேராகச் சரியான பெயரிலேயே எழுதியது. ஒரு இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய், லேப்டொப்பின் பேட்டரியும் தீர்ந்து அணைந்துவிட்டது. அப்போது மாறிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றது. மறுநாள் ஓட்டியபோது அந்தப் பெயரில் எம்பி4 ஏற்கெனவே இருப்பதால் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டது. கோப்பின் அளவைப் பார்த்தால் 600 எம்பிக்கு மேல், சந்தேகமே வராது. மாமா வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து பாயில் இருக்க, பென் டிரைவைச் செருகினால் அந்த ஒன்று மட்டும் திறக்கவில்லை. எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எழுதி முடித்த பிறகுதான் கடைசியில் சேர்க்கப்படும், பாதியில் நின்றால் அந்த அட்டவணை இல்லை, படம் உள்ளே இருந்தும் எந்தக் கருவிக்கும் வழி தெரியாது. அன்றிலிருந்து அரை என்ற பெயர். கரண்ட் போனால் அரை மட்டும் பாதியில் கிடக்கும், அடுத்த முறை -வை அதன் மேலேயே எழுதிவிடும்.

யாடிஃப் என்பது டிவிடியிலும் பழைய கமராவிலும் வேகமாக அசையும் இடத்தில் சீப்புப் பல்லைப் போல வரும் கோடுகளை எடுப்பது. வடமோடியில் ஆட்டக்காரர் சுழன்று திரும்பும்போது உடுப்பின் ஓரத்தில் இது மிகவும் அசிங்கமாகத் தெரியும். பின்னால் இருக்கும் மூன்று எண்களில் கடைசி 1, கோடு இருக்கிறது என்று குறிக்கப்பட்ட படங்களை மட்டும் தொடு, மற்றதை விடு என்கிறது, ஆகவே விசிடிக்கும் இதே வரி போதும். -சிஆர்எஃப் தரத்துக்கான எண், 0 முதல் 51 வரை, குறைந்தால் தரம் கூடும் அளவும் கூடும், ஒன்றும் சொல்லாவிட்டால் 23. எனக்கு 21 பிடித்திருக்கிறது, ஏற்கெனவே மங்கலான படத்தை மேலும் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் 10, 12 என்று போட்டால் விசிடி ஒன்றும் தெளிவாகிவிடாது, டிஸ்க் நிறையும், அவ்வளவுதான். வேகம் போதாவிட்டால் -சிஆர்எஃப்புக்கு முன் -ப்ரீசெட் வெரிஃபாஸ்ட் என்று சேருங்கள். -நோஸ்ட்டிஇன் இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகையைக் கேட்டுக்கொண்டிருக்கும், நள்ளிரவில் அது தேவையில்லை.

கோப்பு ஏற்கெனவே எச்264, ஏஏசியாக இருந்து எம்கேவி என்ற உறைக்குள் இருப்பதால் மட்டும் டிவி திறக்கவில்லை என்றால் இந்த வேலையெல்லாம் வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் -ஐ பழையது.எம்கேவி -சி கொப்பி புதியது.எம்பி4, அவ்வளவுதான். படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றும், ஒரு மணி நேர வீடியோ ஒரு நிமிடம்கூட எடுக்காது, தரம் ஒரு துளியும் குறையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எஃப்எஃப்புரோப் என்று எழுதிப் பக்கத்தில் கோப்பின் பெயரைப் போட்டால் போதும்.

இரவு.பேட்டின் கடைசி வரியில் கால் என்று ஒரு சொல் இருக்கிறதே, சி, ஏ, எல், எல். இப்போது மாற்று.பேட் கடைசியில் இருப்பதால் அது இல்லாமலும் ஓடும். ஆனால் நாளை அதற்குக் கீழே இன்னொரு வரி, உதாரணமாக வேலை முடிந்ததும் கணினியை அணைக்க ஷட்டவுன் /எஸ் /டி 60 என்று சேர்த்தால், கால் இல்லாமல் அந்த வரிக்கு வரவே வராது. ஒரு பேட்ச் கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் திரும்பி வர அந்தச் சொல் வேண்டும்.

மத்தளமும் சல்லரியும் பழகும் பிள்ளைகளுக்கு ஒலி மட்டும் வேண்டுமென்றால், வைடி-டிஎல்பி வரியில் -எஸ் பகுதியையும் --மெர்ஜ் பகுதியையும் எடுத்துவிட்டு -எஃப் "பிஏ[எக்ஸ்ட்=எம்4ஏ]" என்று போடுங்கள். எம்பி3 ஆக மாற்றத் தேவையில்லை, இன்றைய எந்த போனிலும் எம்4ஏ ஓடும், ஒலியும் கெடாது. இதற்கு ஆர்கைவ் கோப்பின் பெயரை வேறாக வையுங்கள், இல்லையென்றால் வீடியோவாக எடுத்ததையெல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று தாண்டிவிடும். -ஓ பகுதியில் டிவி போல்டருக்குப் பதில் வேறு போல்டரைக் கொடுங்கள்.

பென் டிரைவுக்கு ஏற்றும்போது ஒன்று. பழைய டிவிகள் பெரும்பாலும் எஃப்ஏடி32 முறையில் உள்ள பென் டிரைவை மட்டும்தான் படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எட்டு மணி நேரக் கூத்து, வினாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் 3.6 ஜிபி, கொஞ்சம் கூடினால் இடமிருந்தும் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுத்துவிடும். அப்படியானவற்றைத் தொண்ணூறு நிமிடத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள், இதுவும் படத்தைத் தொடாத வேலைதான், சில நிமிடத்தில் முடியும்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பெரியது.எம்பி4 -சி கொப்பி -மேப் 0 -எஃப் செக்மென்ட் -செக்மென்ட்_டைம் 5400 -ரீசெட்_டைம்ஸ்டாம்ப்ஸ் 1 துண்டு_%02டி.எம்பி4

நேரடியாக அடிக்கும்போது இப்படி ஒற்றைச் சதவீதம், பேட்ச் கோப்புக்குள் வைத்தால் இரட்டை. ஏற்றிய பிறகு பென் டிரைவை உங்கள் வீட்டு டிவியில் ஒருக்காச் செருகி, ஒவ்வொரு கோப்பின் நடுவிலும் கடைசியிலும் பத்து வினாடி ஓடவிட்டுப் பாருங்கள். நான் இப்போது பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போகும் முன் இதைச் செய்யாமல் புறப்படுவதில்லை.